டெத் வேலிக்கு ஒரு ஸ்வெட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூலை மாதத்தில் டெத் வேலியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும் என் மாமியார் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, வேற மாசமே கிடைக்கலையா?" நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். அப்புறம், ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பிக்கு உலகத்திலேயே சூடான இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிறது அந்தப் பாலைவனம். 1994-இல் தேசியப் பூங்காவானது. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் ஆகப்பெரிய தேசியப் பூங்கா இதுதான். 1913 ஜூலை 10 அன்று அங்கே ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தக் கணக்கைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் உலக சாதனையாக அதுதான் நிற்கிறது. இப்போது அங்கே பார்வையாளர் மையத்து வாசலில் பெரிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் படம் எடுக்க வரிசை. தம்பியும் நின்றான். மாலை ஆறரைக்கு அது காட்டிய எண், 49 டிகிரி. காற்று அடித்தது, அடிக்காமலே இருந்திருக்கலாம். அடுப்பில் தோசைக்கல் காயும்போது குனிந்து பார்த்தால் முகத்தில் ஒன்று அறையுமே, அது ஊர் முழுக்க வீசினால் எப்படி இருக்கும்?

ஏன் இவ்வளவு சூடு என்று பையன் கேட்டான். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நான்கு மலைத்தொடர்களைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். வழியிலேயே மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 50 மில்லிமீட்டர் மழை, அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் தரையோ கடல் மட்டத்துக்கும் கீழே. பேட்வாட்டர் என்ற உப்புத் தரை 282 அடி தாழ்வில் இருக்கிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. இரண்டு பக்கமும் மலைச் சுவர், வெளியேற வழியில்லை. திரும்பக் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது. அதனால் இரவிலும் விடுதலை கிடையாது.

சரி, இந்த இடத்தில் எப்படிக் கூடாரம் போடுவது? கீழே போடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். ஆயிரம் அடி ஏறினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். அதே பூங்காவுக்குள் பானமிண்ட் மலைத்தொடரில் மஹோகனி ஃப்ளாட் என்று ஒரு முகாம் இருக்கிறது. உயரம் 8,200 அடி. நம் கொடைக்கானலை விட உயரம். கட்டணம் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு கேன்களில் ஏற்றிக்கொண்டோம். கடைசி மைல்கள் கரடுமுரடான மண் பாதை. தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி உள்ள கார் வேண்டும். ஏற்றத்தில் ஏசியை நிறுத்துங்கள், எஞ்சின் கொதித்துவிடும் என்று வழியில் பலகை வைத்திருக்கிறார்கள். நிறுத்தினோம். பிள்ளைகள் போட்ட சத்தத்தை இங்கே சொல்ல முடியாது.

வெயிலுக்கு மலை ஏறிவிடும் இந்த வழியை யாரோ ஒரு பயண நிபுணர் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கு டிம்பிஷா ஷோஷோனி மக்களுடைய தாயகம். குளிர்காலத்தில் கீழே இருப்பார்கள், மெஸ்கீட் என்ற மரத்தின் காய்களைப் பறித்து மாவாக்குவார்கள். வெயில் ஏறினால் குடும்பத்தோடு மலைக்குப் போய்விடுவார்கள். அங்கே பின்யோன் பைன் கொட்டைகள் கிடைக்கும். 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் 1849-இல் தங்கம் தேடி வந்து வழி தவறியவர்கள் வைத்தது. டிம்பிஷா என்ற சொல்லோ அங்கே கிடைக்கும் செங்காவிக் கல்லைக் குறிப்பது, பூசிக்கொள்ளும் சாயம். ஒரே இடம், வந்தவனுக்கு மரணம், இருந்தவனுக்குச் சாயம். 1933-இல் அரசு இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவித்தபோது அந்த மக்களின் நிலம் என்று எதையும் ஒதுக்கவில்லை. 2000-இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் ஃபர்னஸ் க்ரீக்கில் 314 ஏக்கர் அவர்கள் பெயருக்கு வந்தது.

முகாமுக்குப் போகும் வழியில் தேன்கூடு வடிவத்தில் பத்துக் கல் சூளைகள் வரிசையாக நிற்கின்றன. 1877-இல் வெள்ளி, ஈயம் உருக்கும் உலைகளுக்குக் கரி சுடக் கட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரம். உள்ளே நின்று மூச்சிழுத்தால் இன்னும் லேசாகப் புகை வாசம் வருகிறது. பிள்ளைகள் கத்தி எதிரொலி கேட்டார்கள். கரிக்காக அங்கே எரித்தது அதே பின்யோன் மரங்களைத்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மஹோகனி ஃப்ளாட்டில் இறங்கியதும் தம்பி கேட்டான், "அக்கா, ஸ்வெட்டர் எங்கே?" கீழே 49, இங்கே இருட்டியதும் பதினைந்து டிகிரிகூட இருந்திருக்காது. இராத்திரி சோறு வைத்ததில் ஒரு பாடம். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கிடந்தாலும் நடுவில் வேகவே இல்லை. குக்கரை வீட்டிலேயே விட்டுவந்தது என் தப்பு. நல்லவேளை, கட்டிக்கொண்டு வந்த புளியோதரை இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தால், தலைக்கு மேலே பால்வீதி, மாவு சிந்தினதுபோல.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டெலஸ்கோப் பீக் ஏறக் கிளம்பினோம். 11,043 அடி, பூங்காவின் உச்சி. போக ஏழு மைல், வர ஏழு மைல். பாதை நல்ல பாதைதான், மூச்சுத்தான் போதாது. உச்சியை நெருங்கும்போது பிரிசில்கோன் பைன்கள் வருகின்றன; ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழக்கூடிய சாதி. பாதி செத்து, முறுக்கிப் பிழிந்த துணிபோல நிற்கின்றன. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். எங்களுக்கு மாங்காய் வற்றல் கை கொடுத்தது. உச்சியில் காற்று தள்ளியது. மேற்கே தூரத்தில் விட்னி சிகரம், அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவின் மிக உயரமான இடம். கிழக்கே நேர் கீழே பேட்வாட்டரின் வெள்ளை உப்பு, வட அமெரிக்காவின் மிகத் தாழ்வான இடம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்த அடுப்பை எட்டிப் பார்த்தோம்.

நாங்கள் போய்வந்து சில ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், கீழே மணற்குன்றுகளில் ஒரு வெளிநாட்டுப் பயணி செருப்பைத் தொலைத்துவிட்டார். பாதத்தின் தோல் வெந்துபோனது. சூட்டில் காற்று இலேசாகிவிட்டதால் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் சுமார் 3,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் ஹெலிகாப்டரில் ஏற்ற முடிந்தது. தாழ்வான பகுதிகளில் காலை பத்து மணிக்குமேல் நடக்காதீர்கள் என்று பூங்காக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

இறங்கும்போது ஜன்னலைத் திறந்து பையன் கையை நீட்டிக்கொண்டே வந்தான். "இப்ப சுடுது. இப்ப இன்னும்." ஃபர்னஸ் க்ரீக்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பின் இருக்கையில் கிடந்த ஸ்வெட்டரைக் காட்டித் தம்பி சிரித்தான். அதன் ஜிப்பைத் தொட்டுவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.