ஐஸ்லாந்தின் ரத்த ஈடு: யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். இடைக்கால ஐஸ்லாந்தில் 930 முதல் ஆல்திங் என்ற நாட்டவை ஆண்டுதோறும் கூடியது. சட்டமும் நீதிமன்றமும் இருந்தன. மன்னனோ காவல்படையோ கிடையாது. சாதகமான தீர்ப்பு வாங்கிய குடும்பமே அதை நிறைவேற்றவும் வேண்டும்.

கொன்றவன் முதலில் வரும் வீட்டில் தன் செயலை அறிவிக்க வேண்டும். அங்கே இறந்தவரின் உறவினர் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம். மறைத்தால் குற்றம் இன்னும் கொடியதாகிவிடும்.

பிறகு வருவது ஈடு, அதாவது கொலைக்காகக் கொன்றவனின் உறவினர் இறந்தவரின் உறவினருக்குக் கொடுக்கும் வெள்ளி. கிராகாஸ் சட்டத் தொகுப்பு அதை நான்கு வெள்ளி வளையங்களாக, அதாவது உறவின் நெருக்கத்துக்கேற்ற நான்கு பங்குகளாகப் பிரிக்கிறது. முதல் வளையம் 3 மார்க். ஒரு மார்க் 8 அவுன்ஸ். அது தந்தை, மகன், சகோதரனுக்கு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் 20 அவுன்ஸ். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், உடன்பிறந்தாரின் மகன் ஆகியோருக்கு 2 மார்க். அடுத்த சுற்று உறவுக்கு 12 அவுன்ஸ். இறந்தவரின் தம்பி எவ்வளவு வாங்குகிறாரோ அவ்வளவைக் கொன்றவனின் தம்பி கொடுக்க வேண்டும், அவர் கத்தியைத் தொடாதவராக இருந்தாலும். வேறு வாரிசில்லாத மணமாகாத மகள் மட்டுமே வளையம் கொடுக்கவும் வாங்கவும் உரிமையுள்ள பெண்.

நீதிமன்றமோ கொலைக்காகச் செய்தவனையும் திட்டமிட்டவனையும் மட்டுமே சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. பழி உறவெங்கும் பரவும், தண்டனை சிலர்மேல் விழும். சிக்கலே இதில்தான். நியாலின் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், வயலில் விதைத்துக்கொண்டிருந்த ஹோஸ்குல்ட் என்பவரை நியாலின் மகன்கள் உட்பட ஐந்து பேர் சேர்ந்து தாக்கிக் கொல்கிறார்கள். ஒவ்வொருவரும் காயப்படுத்துவதால் எவரும் விலகிக்கொள்ள முடியாது. அவர்களில் ஒருவனான மோர்ட் பிறகு தானே வழக்குத் தொடுக்கிறான். கொலையில் பங்குள்ளவன் தொடுத்த வழக்கு செல்லாது என்பதால் அது ஆல்திங்கில் விழுந்துவிடுகிறது. அவன் வேண்டியதும் அதுதான்.

நடுவர்கள் மும்மடங்கு ஈடாக 600 வெள்ளி விதித்து, அதை அங்கேயே திரட்டுகிறார்கள். குவியலின் மேல் நியால் ஒரு பட்டு அங்கியை வைக்கிறார். இறந்தவரின் தரப்பைச் சேர்ந்த ஃபுளோசி, அதை யார் வைத்தது என்று கேட்கிறார். பதில் வரவில்லை. வசைச்சொல் மாறி மாறி விழ, ஒப்பந்தம் முறிகிறது. ஃபுளோசி ஆட்களுடன் வந்து நியாலின் பெர்க்தோர்ஸ்வோல் பண்ணையை அவரோடு எரிக்கிறார்.

அதற்கான வழக்கும் ஆல்திங்கில் கைகலப்பாகிறது. அதில் மகனை இழந்த சீடா என்ற இடத்தைச் சேர்ந்த ஹால் என்பவர், சமாதானம் வரட்டும் என்று தனக்கு ஈடே வேண்டாம் என்கிறார். கூடியிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அவருக்கு 800 வெள்ளி தருகிறார்கள். நான்கு ஆள் ஈடு.