அச்சாணியும் டாங்கியும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த நூலக வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, என்னிடம் பிட்டர் தொழில் பயின்ற மாணவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பேத்தியின் திருமண வேலைகளுக்கு நடுவிலும் இன்று மாலையை எங்களுக்காக ஒதுக்கித் தந்த தலைவர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். நாற்காலிகள் போதாது என்று அறிந்ததும் தம் பள்ளியின் பெஞ்சுகளைத் தாமே முன்னின்று அனுப்பி வைத்த மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களுக்கும் நன்றி. அந்தப் பள்ளியைப் பற்றி என் உரையில் மீண்டும் வருவேன்.

முதல் உலகப் போரில் டாங்கிப் படையின் வரலாறு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. டாங்கி எப்படிப் பிறந்தது, களத்தில் என்ன செய்தது, பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அதை எவ்வாறு வேறுவேறாகப் புரிந்துகொண்டார்கள் என்ற மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். மூன்றுக்கும் அடியில் ஓடுவது நம் பாட்டிமார் சொன்ன ஒரே பழமொழிதான்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

நம் மக்கள் அந்தப் போரை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலால் அறிவார்கள். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு அது சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியபோது தீப்பற்றி எரிந்தவை எண்ணெய் டாங்கிகள். பிற்பாடு ஓர் ஆயுதத்துக்கும் அதே பெயர் வந்ததற்குக் காரணம், இரகசியம் காக்க வேண்டியிருந்தது என்பதே. இங்கிலாந்தின் லிங்கன் நகரில், வில்லியம் பாஸ்டர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் அது உருவானபோது, மெசபொடேமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டு போகும் தொட்டி என்று வெளியில் சொல்லி வைத்தார்கள். சில வண்டிகளின் மேல் பெட்ரோகிராடுக்குப் போகிறது, கவனம் என்று ரஷ்ய மொழியில் எழுதியும் வைத்தார்கள். தொட்டி என்ற பொருளுடைய அந்த ஆங்கிலச் சொல்லே நிலைத்துப் பெயராகிவிட்டது.

அந்தப் பிறப்பில் நான் பெரிதும் போற்றுவது தளபதிகளை அல்ல. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் 1915 பிப்ரவரியில், இத்தகைய வண்டியை உருவாக்குவதற்காக, நிலக்கப்பல் குழுவை அமைத்தார் என்பது உண்மை. அதற்குரிய பெருமை அவருக்கு உண்டு. ஆனால் குழு கூடியதால் வண்டி ஓடிவிடவில்லை. முள்வேலியை மிதித்துப் பதுங்குகுழியைத் தாண்டுவதற்குச் சக்கரம் உதவாது. சங்கிலிப் பட்டை வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த உழவு இயந்திரப் பட்டைகள் பளு தாங்கவில்லை. பலாட்டா என்ற ரப்பர் போன்ற பொருளால் ஆன பட்டையும் சோதனையில் தோற்றது. பொறியாளர் வில்லியம் டிரிட்டன் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடுகளைக் கொண்டு புதிய பட்டை ஒன்றை வடிவமைத்தார். 1915 செப்டம்பர் 22 அன்று இலண்டனுக்குப் போன தந்தியில், பலாட்டா இறந்துவிட்டதாகவும், டிரிட்டனுக்குப் புதுக் குழந்தை பிறந்திருப்பதாகவும், எடை குறைவானாலும் மிகுந்த வலிமையோடு இருப்பதாகவும், அனைவரும் நலம் என்றும் எழுதி, கீழே பெருமைமிகு பெற்றோர் என்று கையொப்பம் இட்டிருந்தது. ஒரு பட்டைக்குப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியோடு தந்தி அடித்தார்களே, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

முதல் டாங்கியின் உள்ளே எட்டுப் பேர். எடை ஏறத்தாழ 28 டன். என்ஜின் 105 குதிரைத்திறன் கொண்டது. ஆட்களுக்கு நடுவிலேயே, மறைப்பு ஏதும் இன்றி நின்றது. மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேல் வண்டி பெரிதாகப் போகாது. அதைத் திருப்பவே நால்வர் வேண்டும்: ஓட்டுநர் ஒருவர், பிரேக் பிடிக்கும் அதிகாரி ஒருவர், பின்னால் இரு பக்கமும் கியர் மாற்ற இருவர். இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாது என்பதால், என்ஜின் மூடியின் மேல் தட்டித்தான் ஒருவருக்கொருவர் குறிப்புக் காட்டினார்கள். வெப்பமும் புகையும் தாங்காமல் மயங்கி விழுந்தவர்கள் பலர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாக இறங்கியபோது, கொண்டுவரப்பட்டவை 49. புறப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தவை 32. பகைவனின் குண்டு ஒன்றுகூடப் படாமலே மூன்றில் ஒரு பங்கு வழியில் நின்றுபோயிற்று. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இங்கே உங்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1917 ஆகஸ்ட் மாதம், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே. இடைவிடாத மழையாலும் பீரங்கிக் குண்டுகளாலும் வயல்கள் எல்லாம் சேற்றுக் கடலாகிவிட்ட நேரம். கேப்டன் ரிச்சர்ட்சன் என்பவரின் டாங்கிக்குப் பிரே பெண்டோஸ் என்று பெயர். அது அந்நாளில் படைவீரர் எல்லோரும் அறிந்த தகர டப்பா இறைச்சியின் பெயர். ரிச்சர்ட்சன் போருக்கு முன் மளிகை வணிகர்; இறைச்சி டப்பாவுக்குள் அடைபடுவதைப் போலத் தாங்களும் அடைபட்டிருக்கிறோம் என்று எண்ணினாரோ என்னவோ. 22ஆம் தேதி விடியற்காலையில் ஒன்பது பேருடன் வண்டி புறப்பட்டது. சிறிது நேரத்தில் ஓட்டுநர் இருக்கையில் இருந்த அதிகாரிக்குக் காயம் பட்டது. வண்டி தடம் மாறி ஒரு பெரிய குண்டுக்குழியில் சரிந்து சாய்ந்தது. சாய்ந்த சாய்வில் ஒரு பீரங்கி சேற்றையும் மற்றொன்று வானத்தையும் பார்த்தன.

சேற்றில் சிக்கிய மாட்டுவண்டியின் சக்கரத்தடியில் நாம் பலகை போடுகிறோம் அல்லவா? டாங்கிக்கும் அப்படி ஓர் உத்தரம் உண்டு. கூரையின் மேல் கிடக்கும் அந்தக் கனத்த மரத்தைச் சங்கிலியால் இரு பட்டைகளிலும் பிணைத்துவிட்டால், பட்டை சுழலும்போது உத்தரம் அடியில் போய், வண்டி அதன் மேல் ஏறி வெளியே வந்துவிடும். ஆனால் பிணைப்பதற்கு ஆள் வெளியே இறங்க வேண்டும். மிசென் என்ற சார்ஜண்ட் ஒரு பக்கக் கதவால் இறங்கினார். முப்பது கெஜத்துக்குள் ஜெர்மானியர் நின்று சுடுவதைக் கண்டு உள்ளே திரும்பினார். அதே நேரத்தில் மறுபக்கம் இறங்கிய பிரேடி என்ற வீரர் அங்கேயே வீழ்ந்தார். சங்கிலி மாட்டப்படவில்லை. மாட்ட முடியாத அந்தச் சங்கிலிக்காக, எஞ்சிய எண்மரும் அறுபது மணி நேரத்துக்கும் மேலாக அந்த இரும்புக் கூட்டுக்குள் கிடந்தார்கள். பகைவர் கூரை மேல் ஏறினார்கள். குண்டு வீசப் பார்த்தார்கள். உள்ளிருந்தவர்கள் துளை வழியாகக் கைத்துப்பாக்கியால் சுட்டு விரட்டினார்கள். இதைவிடக் கொடுமை, டாங்கி எதிரியிடம் பிடிபட்டுவிட்டது என்று எண்ணி, பின்னால் இருந்த பிரிட்டிஷ் படையினரே அதைச் சுட்டார்கள். நம் ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்வதற்காக, காயத்தோடு மிசென் சேற்றில் ஊர்ந்து போனார். 24ஆம் தேதி இரவு, மற்றவர்களும் பீரங்கிகளின் பூட்டுப் பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, காயம்பட்டவர்களைத் தாங்கிக்கொண்டு தங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். உயிர் தப்பிய எட்டுப் பேருக்கும் பதக்கம் கிடைத்தது.

என் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். பீரங்கியின் பூட்டைக் கழற்றி எடுத்து வந்தார்களே, அதை எப்படிக் கழற்றினார்கள் என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். கைவேலை பழகிய பிள்ளையின் கேள்வி அது.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று பிரான்சின் காம்பிரே களத்தில் 476 டாங்கிகள் ஒன்றாகத் திரண்டன. அங்கே நிலம் உலர்ந்திருந்தது. முன்கூட்டிய பீரங்கித் தாக்குதல் இல்லாததால் பகைவன் விழித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரணில் பதுங்குகுழிகளை டாங்கியால் தாண்ட முடியாத அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கண்ட வழி சுள்ளிக் கட்டு. எழுபத்தைந்து சிறு கட்டுகளைச் சேர்த்து, சங்கிலியைச் சுற்றி, சங்கிலியின் இரு முனைகளையும் இரண்டு டாங்கிகள் எதிரெதிர்த் திசையில் இழுத்து இறுக்க, ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரே கட்டாகும். அதைத் தலையில் சுமந்து போகும் டாங்கி, பள்ளத்தில் தள்ளிவிட்டு அதன் மேல் ஏறிக் கடக்கும். இத்தகைய கட்டுகள் நூற்றுக்கணக்கில், சில வாரங்களுக்குள் தேவைப்பட்டன.

அவற்றைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? எரென் என்ற சிற்றூரில் டாங்கிப் படையின் மையப் பணிமனை இருந்தது. அங்கே சுமார் ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கடல் கடந்து வந்து பிரிட்டிஷாருக்காகப் பிரான்சில் உழைத்த ஏறத்தாழ 95,000 சீனர்களில் அவர்கள் ஒரு பகுதியினர். உடைந்த டாங்கிகளைப் பழுது பார்ப்பதிலும் அவர்கள் கை இருந்தது. காம்பிரே வெற்றிக்காக இங்கிலாந்தில் தேவாலய மணிகள் ஒலித்தன. அந்த மணியோசை எரெனுக்காகவும் ஒலித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நொயேல் என்ற ஊரில் அந்தச் சீனத் தொழிலாளர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

முதல் நாளில் 179 டாங்கிகள் களத்தில் நின்றுபோயின. பீரங்கியால் நேரடியாகத் தாக்குண்டவை 65. இயந்திரக் கோளாறால் நின்றவை 71. பள்ளத்தில் சிக்கியவை 43. எதிரி அழித்தவற்றைவிடப் பழுதாலும் பள்ளத்தாலும் நின்றவையே மிகுதி. பத்து நாளில் ஜெர்மானியர் திருப்பித் தாக்கிப் பெரும்பகுதி நிலத்தை மீட்டுக்கொண்டார்கள். அந்தத் தற்காப்புச் சண்டையில், டிசம்பர் முதல் நாள், இந்தியக் குதிரைப்படையின் கோபிந்த் சிங் மூன்று முறை குண்டுமழைக்கு நடுவே செய்தி சுமந்து சென்று விக்டோரியா சிலுவை பெற்றதை நம் முன்னாள் வீரர்கள் அறிவார்கள்.

பிரெஞ்சுக்காரர் ரெனோ நிறுவனத்தின், இருவர் மட்டுமே அமரும் டாங்கியை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். சுழலும் கோபுரம் கொண்ட அதன் அமைப்பே இன்றுவரை தொடர்கிறது. ஜெர்மானியர் சொந்தமாகச் செய்தவை இருபதே. பிரிட்டிஷாரிடம் கைப்பற்றியவற்றைத்தான் கூடுதலாக ஓட்டினார்கள். 1918 ஏப்ரல் 24 அன்று வில்லேர்-பிரத்தொன்னேயில் டாங்கியும் டாங்கியும் முதன்முதலாக மோதின. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால் இதை இத்துடன் விடுகிறேன். நான் இங்கு வந்த காரணத்தைச் சொல்லாமல் மட்டும் இறங்க மாட்டேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தேன். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் கண்டேன். என் சொந்தப் பிள்ளை படித்த ஒரு பள்ளியில், லேத் இயந்திரம் இருந்த அறையைப் பூட்டிவிட்டுத் தேர்வுத் தாள்களை அடுக்கி வைத்தார்கள். துருப்பிடித்த இயந்திரம் பிறகு பழைய இரும்புக்குப் போயிற்று. கையால் செய்யும் வேலை அறிவில் சேராது என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டோம். ஆவடியில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகளைச் செய்து கொடுத்த மாநிலம் இது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் வானத்திலிருந்து வரவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் பயிற்சி நிலையங்களிலிருந்தும் போனவர்கள். ஒவ்வோர் அரசு மேல்நிலைப்பள்ளியிலும் ஒரு பணிமனை வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பாடவேளை, ஆண் பெண் இருபாலரும், அரமும் ரம்பமும் ஸ்பேனரும் கையில் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு மதிப்பெண்ணும் வேண்டும். தலைமையாசிரியர் அவர்கள் தம் பள்ளியிலேயே தொடங்க இசைந்திருக்கிறார். பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது.

ஒரு கணக்கைச் சொல்லி அமர்கிறேன். 1918 ஆகஸ்ட் 8 அன்று அமியான் நகருக்கு முன்னால் 414 போர் டாங்கிகள் காலை மூடுபனியில் புறப்பட்டன. ஜெர்மானியப் படையின் கருப்பு நாள் அது என்று அவர்கள் தளபதி லூடன்டார்ஃப் பின்னர் எழுதினார். அவ்வளவு பெரிய வெற்றி. மறுநாள் களத்துக்குச் செல்லத் தகுதியோடு இருந்தவை 145. பத்தாம் தேதி 85. பதினோராம் தேதி 38. பன்னிரண்டாம் தேதி ஆறு. பல வண்டிகள் குண்டுபட்டு அழிந்தன. மற்றவை தேய்ந்தும் முறிந்தும் சூடேறியும் நின்றன, உள்ளிருந்தவர்கள் எழ முடியாமல் கிடந்தார்கள். நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பணிமனைக்கு இழுத்துப் போய், கழற்றி, மாற்றி, மீண்டும் ஓட்டிக் காட்டிய பிட்டர்கள் இருந்ததால்தான் அடுத்த மாதத் தாக்குதலுக்கு மறுபடியும் டாங்கிகள் வந்தன. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

பள்ளிப் பணிமனைக்கான கோரிக்கை மனு நூலக வாயிலில் மேசை மேல் இருக்கிறது. முன்னாள் படைவீரர்கள் முதலில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குப் பிறகு தலைவர் அவர்களும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையாரும் கையொப்பமிட இசைந்திருக்கிறார்கள். வணக்கம்.