ரெண்டு கண்டலு

நேயர்களுக்கு வணக்கம். மூட்டு, எலும்பு வாத நோய்களை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், என்ன வைத்தியம் செய்கிறோம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நிமிடம். உடம்பில் எலும்பு 206. ஒன்றுக்கு ஐந்து விநாடிகூடத் தேறாது. அதனால் எல்லாவற்றையும் தொடப் போவதில்லை. எனக்குப் பிடித்த ஒரு கேள்வி இருக்கிறது, அதைச் சுற்றித்தான் பேச்சு போகும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எப்போதும் ஒரு குழப்பம். தமிழ்நாட்டுத் திருத்தணிக்கும் ஆந்திரத்து நகரிக்கும் நடுவே, மாநில எல்லை ஓடுகிற இடத்தில் இருபத்திரண்டு வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். 1960 ஏப்ரல் வரைக்கும் திருத்தணியும் சித்தூர் மாவட்டம்தான், கோடு அப்புறம் வந்தது. எங்கள் பக்கம் ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கு பேசுவார், மருமகள் தமிழ் பேசுவாள், பேரன் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். நான் படித்தது மூட்டு வாத மருத்துவம். எலும்பு முறிவு பார்ப்பவர் வேறு, நான் வேறு. ஆனால் ஊரில் என்னை 'எலும்பு டாக்டரம்மா' என்றுதான் சொல்வார்கள். கட்டுப் போடத் தெரியாத எலும்பு டாக்டரம்மா.

கட்டு என்றால் எங்கள் ஊரில் சும்மா இல்லை. பக்கத்தில்தான் புத்தூர். சென்னையில் தெருவுக்குத் தெரு 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர். அதற்கு ஒரு முயல் கதை உண்டு. வேட்டைக்குப் போனவர் கால் ஒடிந்த முயலை ஏதோ இலையில் சுற்றி எடுத்துவந்தாராம், வீட்டில் வந்து பிரித்தால் முயல் எழுந்து ஓடியதாம். அந்த இலையைத் தேடிப் போனதில் பிறந்ததுதான் கட்டு என்பார்கள். முயல் ஓடியதா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், கதையில் கால் ஒடிந்திருக்கிறது. ஒடிந்த எலும்புக்கு அசையாமல் வைப்பது நல்லது. என்னிடம் வருபவர்களுக்கு எதுவும் ஒடியவில்லை.

ஒருமுறை பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நெசவுத் தறிக்கு நூலைத் தாரில் சுற்றுகிறவர். இரண்டு மணிக்கட்டிலும் கட்டு. எங்கே போட்டது என்று நான் கேட்கவில்லை. "விழுந்தீங்களாம்மா?" "இல்லை டாக்டரம்மா." "அடி பட்டதா?" "இல்லை." "அப்ப ரெண்டு கையும் ஒரே மாசத்துல எப்படி முறியும்?" அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கட்டைப் பிரித்தால் மணிக்கட்டு வீங்கி, சுடச்சுட இருக்கிறது. விரல் வேரடி மூட்டுகளும் அப்படியே. மூன்று மாதம் அசைக்காமல் வைத்ததில் முன்கைச் சதை வேறு வற்றிப் போயிருந்தது. அது முடக்குவாதம். நம் பெரியவர்கள் சரவாங்கி என்று சொன்னார்களே, அதுதான். உடம்பின் காவல் படையே வழி தவறித் தன் மூட்டைத் தாக்குகிற நோய். நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நான் அங்கே போன புதிதில் எனக்குத் தெலுங்கு வராது. நகரியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். நான் தமிழில், "எந்த டைம்மா வலி?" என்றேன். காலையிலா, ராத்திரியிலா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பாட்டி யோசித்து, "ரெண்டு கண்டலு" என்றார். ரெண்டு மணிக்கா? மத்தியானம் ரெண்டா, ராத்திரி ரெண்டா? மறுபடியும் கேட்கிறேன், மறுபடியும் அதே பதில், இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடு. அப்போது எங்கள் நர்ஸ் சிரித்துவிட்டாள். தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு'. நான் எப்போது என்று கேட்டேன், பாட்டி எவ்வளவு நேரம் என்று புரிந்துகொண்டு, "ரெண்டு மணி நேரம்" என்று சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு விரல் மடங்குவதில்லை.

பாடப் புத்தகத்தில் நான் படித்த கேள்விதான் அது. பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் நோயாளியிடம் கேட்க மறந்து, வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி திருத்தினார். அன்று முதல் யார் வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான்: காலையில் எழுந்தால் கைகால் இளகி வர எவ்வளவு நேரம் ஆகிறது?

பத்து நிமிடம், கால் மணி என்றால் பெரும்பாலும் தேய்மானம். வயதான முழங்கால். உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கும், நாலு எட்டு வைத்தால் விட்டுவிடும், சாயங்காலம் நடந்து நடந்து வலி கூடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றால் மூட்டுக்குள்ளே அழற்சி, அதாவது சூடும் வீக்கமும், இருக்கிறது. ராத்திரி அசையாமல் கிடக்கும்போது மூட்டைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது, அசைய அசையத்தான் அது வடிகிறது. அதனால்தான் வேலை செய்யச் செய்ய இவர்களுக்கு வலி குறைகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். "காலையில காபி போடச் சொன்னா முடியலேங்கறா, பதினொரு மணிக்கு ஜம்முனு நடக்கறா" என்று மாமியார் குறை சொல்வார். அந்தக் குறையைத்தான் நான் காது கொடுத்துக் கேட்பேன். அதைவிட நல்ல நோய்க்குறி எனக்குக் கிடைக்காது.

காலையில் நடக்கிற சின்னச் சின்ன விஷயங்களை நினைத்துப் பாருங்கள். குளிக்கும்போது சொம்பைப் பிடிக்க முடிகிறதா? ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா? பால் பாக்கெட்டைப் பிரிக்கப் பல்லைத் தேட வேண்டியிருக்கிறதா? துணி பிழிய முடிகிறதா? வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் உங்கள் கையையே பாருங்கள். விரல் நுனியில், நகத்துக்குப் பக்கத்து மூட்டு முண்டுமுண்டாக இருந்தால் அது தேய்மானம், பயம் வேண்டாம். முஷ்டி பிடித்தால் மேலே நாலு மேடு தெரியும் இல்லையா, அந்த மூட்டுகளும் விரலின் நடு மூட்டும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்கி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், தயவுசெய்து வந்துவிடுங்கள். யாராவது கைகுலுக்கினால் உயிர் போகிறது என்றாலும் அதே விஷயம்தான். ஆறு வாரம் என்று ஏன் சொல்கிறேன்? சிக்குன்குனியாவும் இதேபோல வரும். 2006-இல் எங்கள் பக்கம் தெருத்தெருவாக ஊன்றிக்கொண்டு நடந்தார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்தது, பலருக்குத் தானாக விட்டுப்போனது.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். ஒரு பை நிறையக் காகிதத்தோடு வருவார்கள். "ஆர்.ஏ. பாசிட்டிவ் டாக்டரம்மா." கையைக் காட்டுங்கள் என்றால், கையில் ஒன்றுமே இல்லை. முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் தேடுகிற அந்த ஆர்.ஏ. ஃபேக்டர் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலருக்கும் இருக்கும், வயதானால் இன்னும் அதிகம் பேருக்கு இருக்கும். அதே சமயம் முடக்குவாதம் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது வராது. ஆன்டி சி.சி.பி. என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அது கொஞ்சம் நம்பகமானது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியின் சூட்டைக் காட்டும். எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாகவே இருக்கும். எல்லாம் வேண்டியதுதான், ஆனால் காகிதத்துக்கு வைத்தியம் செய்ய முடியாது. கேள்வி முதலில், கை இரண்டாவது, காகிதம் மூன்றாவது. திரும்பவும் சொல்கிறேன்: காலையில் எவ்வளவு நேரம்?

மருந்து. இதில் எங்கள் எல்லைப் பக்கத்துக்காரியாக எனக்கு ஒரு பெருமை உண்டு. முடக்குவாதத்துக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க முதல் மருந்து மெதோட்ரெக்ஸேட். அதன் பிறப்பில் ஒரு ஆந்திரக்காரரின் கை இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி மாட்டிக்கொண்டு அறுவைக் கூடத்துக்குப் போய், பேராசிரியர் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லாமல், அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். அவர் சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் போனவர்கள். அந்த நோய்க்கு உதவுகிற ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. அப்புறம் அந்த ஃபோலிக் அமிலத்துக்கே எதிரியான மருந்துகளையும் அதே குழு செய்தது, மெதோட்ரெக்ஸேட் அவற்றில் ஒன்று. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காகத்தான் முதலில் வந்தது. 1948-இல் சுப்பாராவ் இறந்துவிட்டார். மூட்டுக்கு அந்த மருந்தை அமெரிக்க அரசு அங்கீகரித்தது 1988-இல். இன்றைக்கு ஒரே சீட்டில் மெதோட்ரெக்ஸேட்டும் எழுதுகிறேன், அது வயிற்றையும் வாயையும் புண்ணாக்காமல் இருக்க ஃபோலிக் அமிலமும் எழுதுகிறேன். இரண்டிலும் அவர் கை. புதிதாக வரும் நோயாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. நர்ஸ் வெளியே டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பிப்பாள்.

இந்த மாத்திரையில் ஒரு ஆபத்து. வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு ஒரே நாள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நெசவாளர் வீட்டு அம்மாவுக்கு வாரம் ஒருமுறை மூன்று மாத்திரை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கடையில் உறையின் மேல் 'காலை 3' என்று போட்டுவிட்டார்கள். அவர் ஒன்பது நாள் தினமும் சாப்பிட்டிருக்கிறார். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, வெள்ளை அணு தரைமட்டம். பெரிய ஆஸ்பத்திரியில் முறிமருந்து கொடுத்து, இரண்டு வாரம் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். கடைக்காரரைத் திட்டினேன். ராத்திரி படுத்தபோதுதான் தோன்றியது, அந்த அம்மாவுக்குத் தெரியாத மொழியில் எழுதினவள் நான். இப்போது கிழமையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுகிறேன், செவ்வாய், மங்களவாரம் என்று. திருத்தணிக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமையை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, முருகன் பார்த்துக்கொள்வார். ஃபோலிக் அமிலம் வேறு நாளில்.

மெதோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பாதியில் விட்டுவிடாதீர்கள். இடையில் ரத்தப் பரிசோதனை உண்டு, சாராயம் கூடவே கூடாது, குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். முடக்கத்தான் தோசை சாப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் வேண்டாம். மூட்டு அரிக்க ஆரம்பிப்பது முதல் இரண்டு வருடத்துக்குள்தான், அந்தக் காலத்தைத் தோசையில் கழித்துவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் தெரிகிறது. மூன்று நிமிடமா? நான் இன்னும் பாதிகூட வரவில்லையே.

ஸ்டீராய்டு. 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற மருத்துவர், அசையவே முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசு. பக்கவிளைவு பின்னாலேயே வந்தது. நல்ல மருந்துதான், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, டாக்டர் கண்பார்வையில். சந்தையில் பேர் இல்லாத மூட்டுவலிப் பொடி விற்கிறார்களே, மூன்றே நாளில் வலி போனால் அதில் இது கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். முகம் வட்டமாக உப்பும், பக்கத்து வீட்டில் "உடம்பு தேறிட்டியே" என்பார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் வாருங்கள்.

வேகமாகச் சொல்கிறேன். ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனால் அது கவுட், ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. வெறும் முழங்கால் வலிக்கு யூரிக் அமிலத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். இருபது இருபத்தைந்து வயதுப் பையன் விடியற்காலை முதுகுவலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான், நடந்தால் தேவலை என்கிறான் என்றால் டிஸ்க் என்று விட்டுவிடாதீர்கள், முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். அவனிடமும் அதே கேள்விதான். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு கன்னத்தில் தடிப்பும் முடி உதிர்வும் வாய்ப்புண்ணும் சேர்ந்தால் லூபஸாக இருக்கலாம், அதுவும் காவல் படை தன் உடம்பையே தாக்குகிற நோய்தான், சிறுநீரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குழந்தைக்குத் தொண்டை வலி வந்து போனபின் மூட்டு மாற்றி மூட்டு வீங்கினால், உடனே இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எலும்பு மெலிவுக்கு என்றே நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு விரல் காட்டுகிறார். மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சும்மா தடுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தவர்கள், எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா என்ற ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அதற்கு அலண்ட்ரோனேட் என்ற மாத்திரை கொடுத்தால், அதுவும் வாரத்துக்கு ஒன்றுதான். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். காபி அதற்கு அப்புறம்தான். செவ்வாய்க்கிழமை ஏற்கனவே ஒரு மாத்திரை இருப்பவர்கள் இதை வேறு கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள், கிழமையை உறையின் மேல் உங்கள் மொழியில் எழுதச் சொல்லுங்கள். விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கம்.