பெயர் தெரிந்தால் கவிதை கெட்டுவிடுமா?

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். 'கவிதையை ரசிக்க அணியும் இலக்கணமும் தெரிய வேண்டுமா, மனசு மட்டும் போதுமா?' என்பது தலைப்பு. தெரிய வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி ஒரு குறுந்தொகைப் பாட்டைச் சொன்னார். "'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று கேட்டதுமே கண் கலங்கிவிட்டது. அதில் என்ன இலக்கணம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்றார். அவர் கண் கலங்கியதை நான் மறுக்கவே மாட்டேன். அந்தப் பாட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மதுரைக்குப் போவோம். கோவலனும் கண்ணகியும் நகரத்தை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. 'வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட' என்கிறார் இளங்கோவடிகள். வராதே, திரும்பிப் போ என்று கொடி கைகாட்டுகிறதாம். வேகமாகப் படிக்கிறவர் நல்ல வர்ணனை என்று தாண்டிவிடுவார். தற்குறிப்பேற்றம் என்ற பெயரை அறிந்தவர் அங்கே நிற்பார். சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: தன் குறிப்பை ஏற்றுவது. யாருடைய குறிப்பு? கொடிக்கு ஏது குறிப்பு! காற்று அடித்தது, துணி ஆடியது, அவ்வளவுதான். உள்ளே போகிற கோவலன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது கவிஞருக்குத் தெரியும். கதைக்குள் இறங்கித் தடுக்க அவருக்கு வழியில்லை. தம் பதைப்பை அந்தத் துணியில் ஏற்றிவிட்டார். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்த வரியை நிதானமாகப் படிக்க முடிந்ததில்லை.

நம் மொழியில் இந்தப் பெயர்களே பாதி விளக்கம். பிறிது மொழிதல் என்றால் வேறொன்றைச் சொல்வது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில், மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிகிறது. அதிகாரமோ வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை; அவனை நாம்தான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

"அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் மனப்பாடம் செய்ய வைத்தால் கவிதையே வெறுத்துப்போகும்" என்றார்கள். சரி, அந்த வலி எனக்கும் தெரியும். பள்ளியில் 'விளக்கிச் சான்று தருக' என்ற கேள்விக்குப் பாட்டின் பொருள் தெரியாமலே நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பெயரை முதலில் கொடுத்து, பாட்டை அதற்கு வாலாக ஒட்டிய முறையின் கோளாறு அது. ஒரு வரியில் இடறி நின்று, இங்கே என்னதான் நடக்கிறது என்று நாம் கேட்கும்போது பெயர் வந்து சேரட்டும். அப்புறம் அது மறக்காது. 35-ம் வேண்டாம், உவமையிலிருந்தே தொடங்கலாம். அது வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் ஒன்றைப் பற்றி வரும் என்கிறார் தொல்காப்பியர். மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம்.

இப்போது எதிரணித் தோழி சொன்ன பாட்டு. கபிலர் பாடியது, ஐந்தே அடி. அவன் என்னைச் சேர்ந்த நாளில் யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' குருகு. தினைத்தாள் போல மெலிந்த கால், அது மெய். பசுமையான கால், அது உரு. வாழ்க்கையே மாறிய அந்த நேரத்தில் ஒரு பறவைக் காலின் பருமனும் நிறமும் அவளுக்கு எப்படித் தெரிந்தன? நாணத்தில் தலை குனிந்திருக்கிறாள். கண் போன இடம் அந்தக் கால்.

அந்தக் குருகு இவர்களைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. கருப்பொருளுக்குள், அதாவது பாட்டின் நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம் போன்றவற்றுக்குள், இன்னொரு பொருளை மறைத்து வைப்பதற்கு உள்ளுறை என்று பெயர். அந்தப் பெயர் தெரிந்த எனக்கு, அவள் கேட்காத கேள்வி அங்கே கேட்கிறது: அவனும் இந்தக் குருகு போலச் சமயம் பார்த்து நின்றவன்தானோ?

தோழி முதல் வரியிலேயே அழுதுவிட்டார். அந்தக் குருகு கடைசி மூன்று அடிகளில் நிற்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.