கேன்வி தீவிலிருந்து வந்த டாக்டர்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு டாக்டர் ஃபீல்குட் என்ற ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரு தகவல். இங்கே இருக்கிற இரண்டு ஸ்பீக்கரில் இடது பக்கத்து ஸ்பீக்கர் மதியத்திலிருந்தே வாயைத் திறக்கவில்லை. ஏற்பாடு செய்த தம்பிகள் வந்து சங்கடத்தோடு சொன்னார்கள். இன்றைக்குப் பார்த்து அது வேலை செய்யாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்றேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தேம்ஸ் நதி கடலில் கலக்கிற இடத்தில், வடகரையை ஒட்டி, எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பெயர் கேன்வி. தாழ்ந்த நிலம். கடலைத் தடுத்து நிற்பது சுவர்தான். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி அந்தச் சுவரைத் தாண்டியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 50 பேருக்கு மேல் விடிவதற்குள் போய்விட்டார்கள். அந்த வெள்ளத்தில் தப்பியவர்களில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், ஜான் வில்கின்சன். வளர்ந்தபிறகு பெயரைப் பின்முன்னாக மாற்றிப்போட்டு வில்கோ ஜான்சன் ஆனான்.

வெள்ளம் வடிந்த ஊருக்கு அப்புறம் எண்ணெய் வந்தது. கரையோரம் பெரிய பெரிய தொட்டிகள், ராத்திரி முழுக்க எரிகிற சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கி, கப்பல் வந்து நிற்க நீண்ட துறைமேடைகள். அமெரிக்காவில் ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் இசை பிறந்த இடம் மிசிசிப்பி டெல்டா. கேன்விப் பையன்கள் தங்கள் சேற்றுக் கழிமுகத்துக்குத் 'தேம்ஸ் டெல்டா' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பாதி கிண்டல்தான். மீதிப் பாதி நிஜம்.

1971-ல் அங்கே நாலு பேர் சேர்ந்தார்கள். பாட்டும் மௌத் ஆர்கனும் லீ பிரில்லோ. கிட்டார் வில்கோ. பேஸ் கிட்டார் ஜான் ஸ்பார்க்ஸ். டிரம்ஸ் ஜான் மார்ட்டின். ஆளைப் பார்த்து 'பிக் ஃபிகர்' என்று கூப்பிட்டார்கள். மூன்று ஜான், ஒரு லீ! குழுவுக்கு டாக்டர் ஃபீல்குட் என்று பெயர். பியானோ ரெட் என்ற அமெரிக்க ப்ளூஸ்காரர் 1962-ல் போட்ட பாட்டிலிருந்து எடுத்தது. பின்னால் வந்த ஆல்பங்களுக்கும் 'மால்பிராக்டிஸ்', 'பிரைவேட் பிராக்டிஸ்' என்று வைத்தியக் கிண்டல் தொடர்ந்தது. தப்பான வைத்தியம், தனியார் வைத்தியம். வில்கோ இவர்களில் வேறு மாதிரி ஆள். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் ஊறி, தரைவழியாக இந்தியா வரை வந்து சுற்றிவிட்டு, ஊர் திரும்பி வாத்தியார் வேலை பார்த்தவர்.

அந்தக் காலத்து ராக் எப்படி இருந்தது? இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மலைபோல் கீபோர்டுகள். ஸ்டேடியத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்குப் பாடகர் எறும்பு. இதற்கு மாற்றாக லண்டன் பப்களின் பின்னறைகளில் ஒன்று கிளம்பியது. 1971-ல் கென்டிஷ் டவுனில் டேலி ஹோ என்ற பப்பில், அதுவரை ஜாஸ் மட்டும் கேட்ட இடத்தில், எக்ஸ் ஓவர் ஈஸி என்ற அமெரிக்கக் குழு வாசிக்க இடம் கேட்டது. கூட்டம் சேர்ந்தது. மற்ற பப்காரர்களும் மேசைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்கள். பப் ராக் என்பது ஒரு இசைப் பாணியே அல்ல, இடத்தின் பெயர். நாட்டுப்புறப் பாட்டுக்காரர், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) காரர் எல்லோரும் அதில் அடக்கம்.

நம் டாக்டர்கள் இதில் தலைகீழ். 1972-ல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த பெரிய ராக் அண்ட் ரோல் விழாவில் ஹைன்ஸ் என்ற பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, அடுத்த வருடம்தான் லண்டன் பப்புகளுக்கு வந்தார்கள்.

வில்கோவின் வலது கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணமாக இப்படி ஒரு குழுவில் இரண்டு கிட்டார் இருக்கும். ஒருவர் தாளக்கட்டை விடாமல் பிடிப்பார், இன்னொருவர் நடுநடுவே மெட்டு போடுவார். வில்கோ இரண்டையும் ஒரே கையால் செய்தார். இந்த வித்தைக்கு அவருடைய குரு, ஜானி கிட் என்ற பாடகரின் குழுவில் வாசித்த மிக் கிரீன். கம்பியை மீட்டுகிற சின்னத் தகடான 'பிக்' எதையும் வில்கோ வைத்துக்கொள்ளவில்லை. விரல்களை விரித்து, ஈரக்கையை உதறுவது மாதிரி, மேலும் கீழும் கம்பிகளை அடிப்பார். இடது கை கம்பிகளைச் சேர்த்து அழுத்தும், உடனே விடும். ஒலி கத்தரித்தாற்போல் நிற்கும். அந்த வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஒரு சின்ன மெட்டு ஓடிவிடும். மிருதங்கக்காரர் தொப்பி, வலந்தலை என்ற இரண்டு பக்கமும் தனித்தனி ஆள் என்று எண்ணவைப்பாரே, அதுபோல. இத்தனையும் செய்துகொண்டே மேடையில் முன்னும் பின்னும், தண்டவாளத்தில் ஓடுகிற பொம்மை மாதிரி, விழித்த கண் இமைக்காமல் ஓடுவார். கறுப்புக் கோட்டு, கறுப்பும் சிவப்புமான டெலிகாஸ்டர் கிட்டார். பக்கத்தில் லீ, எப்போதோ வெள்ளையாக இருந்த கோட்டில், மைக்கைப் பிடித்துச் சண்டைக்கு நிற்பவர்போல் நிற்பார்.

இதை எப்படி இசைத்தட்டில் அடைப்பது? 1975 ஜனவரியில் முதல் ஆல்பம் 'டவுன் பை த ஜெட்டி' வந்தது. விக் மெய்ல் தயாரிப்பு. பெரும்பாலும் நாலு பேரும் சேர்ந்து நின்று வாசித்ததை அப்படியே பிடித்தார்கள். பதிந்ததன் மேல் இன்னும் இன்னும் ஒலிகளைப் பூசுகிற வேலை வில்கோவுக்குப் பிடிக்காது. தட்டு மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில், வெளிவந்தது. எல்லா வீட்டிலும் ஸ்டீரியோ வாங்கி, இடது காதில் ஒன்று வலது காதில் ஒன்று என்று ரசித்துக்கொண்டிருந்த காலத்தில்! அட்டையும் கறுப்பு வெள்ளைப் படம், கேன்விக் கரையில் நாலு முகம், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அதே வருடம் 'மால்பிராக்டிஸ்'. தரவரிசையில் 17-ஆம் இடம். நல்ல தட்டுதான், ஆனால் என் காதுக்கு முதல் தட்டின் பசி அதில் கொஞ்சம் குறைவு.

1976-ல் 'ஸ்டுபிடிட்டி' நேரடி நிகழ்ச்சிப் பதிவாக வந்தது. ஒரு பக்கம் ஷெஃபீல்ட் சிட்டி ஹாலில் பிடித்தது, மறுபக்கம் கேன்விக்குப் பக்கத்து ஊரான சௌத்எண்டில், கர்சால் அரங்கில். மறுபக்கத்தில் கூட்டத்தின் சத்தத்தைக் கவனியுங்கள், அது சொந்த ஊர்க் கூட்டம். அதுவரை இவர்களுக்கு ஒரு ஹிட் சிங்கிள்கூட, அதாவது தனிப்பாட்டுத் தட்டுகூட, கிடையாது. அக்டோபரில் இந்தத் தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இரண்டு வருடம் வேன் ஏறி ஊர் ஊராக வாசித்தார்களே, கேட்டவர்கள் எல்லோரும் அன்றைய ராத்திரியை வீட்டுக்கு வாங்கிப்போனார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே வருடம் லீ ஒரு காரியம் செய்தார். ஜேக் ரிவியெரா என்ற நண்பருக்கும் டேவ் ராபின்சனுக்கும் ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்க 400 பவுண்டு கடன் கொடுத்தார். அது ஸ்டிஃப் ரெகார்ட்ஸ். பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக். இங்கிலாந்தின் முதல் பங்க் சிங்கிள் என்று சொல்லப்படுகிற டேம்ட் குழுவின் பாட்டு, அதே அக்டோபரில் அங்கிருந்துதான் வந்தது. கிளாஷ் என்ற பங்க் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் டெலிகாஸ்டர் வாங்கியது வில்கோவைப் பார்த்த பிறகு. பங்க் வந்ததும் பப் ராக் பழசாகிவிட்டது. கடன் கொடுத்தவரே ஓரங்கட்டப்பட்டார், பாருங்கள்.

உச்சியில் இருந்தபோதே உடைந்தது. மற்ற மூவரும் குடிப்பவர்கள், வில்கோ குடிக்கமாட்டார். அவருடைய பழக்கம் வேறு: போதை மாத்திரை. பயணங்களில் அறைக்குள் அடைந்துகிடப்பார். சொந்தப் பாட்டு எழுதும் பாரமும் கிட்டத்தட்ட அவர் ஒருவர் தலையில். 1977-ல் வேல்ஸில் 'ஸ்னீக்கிங் சஸ்பிஷன்' பதிவின்போது, லூ லூயிஸ் என்பவர் எழுதிய ஒரு பாட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை. வில்கோ வெளியே. தானாகப் போனார் என்றார்கள் அவர்கள், துரத்திவிட்டார்கள் என்றார் இவர். அதோடு கதை முடிந்தது என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஜிப்பி மேயோ என்ற இளைஞர் கிட்டாருக்கு வந்தார், நிக் லோ தயாரிப்புக்கு வந்தார். 1979-ல் 'மில்க் அண்ட் ஆல்கஹால்' சிங்கிள் 9-ஆம் இடம் போனது. அந்தச் சிங்கிளை வெள்ளையில் ஒன்று, பழுப்பில் ஒன்று என்று இரண்டு நிறத்தில் அச்சடித்தார்கள். பாலும் சாராயமும்! 1981-ல் மேயோவும் போனார். பிறகு ஆட்கள் வந்தார்கள், போனார்கள், தட்டுகளும் வந்தன. அவற்றை உங்களுக்குப் பட்டியல் போட்டு வாசிக்க எனக்கு மனமில்லை.

லீ மட்டும் கடைசிவரை இருந்தார். நிணநீர்ப் புற்றுநோய். 1994 ஜனவரியில், கேன்வியில் குழுவின் பெயரிலேயே இருந்த மதுக்கூடத்தில் வாசித்ததைக் கடைசி ஆல்பமாகப் பதிந்தார்கள். ஏப்ரல் 7-ல் இறந்தார். வயது 41.

வில்கோவுக்கு 2013-ல் கணையப் புற்றுநோய், காப்பாற்ற முடியாது என்றார்கள். அவர் கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடைபெறும் கச்சேரிகளுக்குக் கிளம்பினார். தி ஹூ குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரியோடு ஒரு ஆல்பம் போட்டார், அது மூன்றாம் இடம் போனது. சாகவேண்டிய ஆள் சாகாமல் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, புகைப்படம் எடுப்பதிலும் ஆர்வமுள்ள ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. 2014-ல் கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் வெட்டி எடுத்த கட்டியின் எடை 3 கிலோ. அதற்கப்புறமும் எட்டு வருடம் இருந்து, 2022 நவம்பரில் போனார். நோய் வருவதற்கு முன்பு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், மரண தண்டனையை நிறைவேற்றுகிற நாக்கில்லாத ஆளாக நடித்தவரும் இவர்தான். வசனமே இல்லை, அந்தக் கண் போதும்.

சரி, நான் பேசியது போதும். தம்பி, அந்த முதல் தட்டை வையுங்கள், முதல் பாட்டு. இடது ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், விடுங்கள். இது மோனோ. வலது பக்கத்திலேயே நாலு பேரும் இருக்கிறார்கள்.