போர் இல்லாத நாளில் ரோமானிய வீரன்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ரோமானியப் படையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அந்த வீரர்கள் எப்படிப் போரிட்டார்கள் என்றுதான் பலரும் கேட்பார்கள். போர் இல்லாத நாளில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. எனக்கு அந்த இரண்டாவது கேள்வியின் மீதுதான் பெருவிருப்பம்.

அதற்கு விடை தரும் இடம் விண்டொலாண்டா. இங்கிலாந்தின் வடக்கே, பிற்பாடு பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய மதிலுக்குச் சற்றுத் தெற்கில் அமைந்த கோட்டை அது. 1973ஆம் ஆண்டு அங்கு அகழாய்வு நடத்திய ராபின் பேர்லி, ஈர மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். அவற்றில் கரி மையால் லத்தீன் மொழியில் எழுதியிருந்தார்கள். காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால், ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கடந்தும் அவை மட்கிப் போகவில்லை.

அவற்றுள் ஒன்று, துங்கிரியர் என்ற இனத்தாரின் முதலாம் படைப்பிரிவின் ஆள்கணக்கு. மே 18 அன்று எழுதப்பட்ட அந்தக் கணக்கின்படி, மொத்தம் 752 பேர் கொண்ட பிரிவில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை. அவர்களுள் 337 பேர் கோரியா என்ற ஊரிலும், 46 பேர் ஆளுநரின் காவற்பணியிலும் இருந்தார்கள். கோட்டையில் எஞ்சிய 296 பேரிலும் 31 பேர் பணிக்குத் தகுதியற்றவர்கள். நோயுற்றவர் 15, காயமுற்றவர் 6, கண்நோயால் வருந்தியவர் 10. வாளும் வேலும் வீழ்த்தியவர்களைவிடக் கண்நோய் முடக்கியவர்கள் மிகுதி என்பதை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. போர்க்களச் சித்திரங்களில் நாம் ஒருபோதும் காணாத மனிதர்கள் அந்தப் பத்துப் பேர்.

மற்றொரு சீவலில், யாரோ ஒருவர் வீரனுக்குக் காலுறைகளும், இரண்டு இணை செருப்புகளும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகத் தெரிவிக்கிறார். மாஸ்குலஸ் என்ற அதிகாரி, தம் வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்ப ஆணையிடுங்கள் என்று மேலதிகாரி செரியாலிஸை வேண்டுகிறார். அந்தச் செரியாலிஸின் மனைவி லெபிடினாவை, கிளாடியா செவேரா என்ற பெண் செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை வேறொருவர் எழுத, இறுதியில் 'சகோதரி' என்று விளித்து, செவேரா தன் கையாலேயே சில வரிகளைச் சேர்த்திருக்கிறாள்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒரு கணக்குச் சீவலில் இருக்கிறது. டப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே, மிளகு, 2 தினாரியஸ் என்று குறித்திருக்கிறார்கள். தினாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக்காசு. அக்காலத்தில் ரோமுக்கு மிளகு சென்றது நம் மேற்குக் கடற்கரையிலிருந்து. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் அந்தக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தை வைத்துச் சொல்கிறது. கறி என்றால் மிளகு. அந்தக் கடற்கரையில் காய்ந்த மிளகு, செங்கடலைக் கடந்து, எகிப்து வழியாகப் பேரரசின் வடகோடியில் நின்ற ஒரு படைவீரனின் உணவில் சேர்ந்திருக்கிறது. கணக்கு எழுதியவரோ அதை வியப்புக்குரியதாகக் கருதவில்லை. பெயர், பொருள், விலை ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு அடுத்த ஆளின் கணக்குக்குப் போய்விட்டார்.

வணக்கம்.