செருப்புக்குள் கல்... ஏன் வலிக்கவில்லை? 10 கிராம் நைலான் இழை சொல்லும் பதில்

வணக்கம். ஒருவருடைய ஷூவுக்குள் சின்னதாக ஒரு கல். காலையில் போட்டவர் மாலைவரை அதோடு நடக்கிறார். கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். வலிக்கவில்லையா என்று கேட்டால், "தெரியவே இல்லையே" என்கிறார். நீண்டநாள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது நடக்கும்.

காரணம் சுருக்கமாக: சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். சரி, நேராக மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்குள் போவோம்.

[திரையில்: பேனா போன்ற பிடி, அதன் முனையில் மெல்லிய நைலான் இழை]

இதுதான் மோனோஃபிலமென்ட். எனக்கு மிகவும் பிடித்த கருவி. தோலில் வைத்து அழுத்தினால், 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். யார் அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது. இந்த யோசனைக்கு வயது நூற்றுக்கும் மேல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை என்ற விஞ்ஞானி, தொடு உணர்வை அளக்க முடியைத்தான் பயன்படுத்தினார்!

சோதனை எப்படி? முதலில் கையில் தொட்டு, உணர்வு இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவார்கள். அப்புறம் நீங்கள் பாதத்தைப் பார்க்கக் கூடாது. பெருவிரல் நுனி, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே உள்ள மேடுகள் என ஒவ்வொரு இடத்திலும் 3 முறை "தொடுகிறேனா?" என்று கேட்பார்கள். அதில் ஒரு முறை தொடாமலேயே கேட்பார்கள்! ஊகித்துச் சொல்பவரைக் கண்டுபிடிக்கத்தான். 3இல் 2 சரியாக இருந்தால் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறது. இன்னொன்று தெரியுமா? அந்த இழையும் களைத்துப்போகும். சுமார் 10 பேருக்குப் பயன்படுத்தியபின் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 10 கிராமுக்கு முன்பே வளைந்துவிடும்.

அடுத்தது ரத்த ஓட்டம். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் குழாயில் அடைப்பு இருக்கக்கூடும். ஆனால் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் கெட்டியாகி, எண் பொய்யாகக் கூடியும் காட்டும். அதனால்தான் கால்விரல் அழுத்தத்தையும் அளக்கிறார்கள்.

காய்ப்பு இருந்தால் பிளேடு எடுத்து நீங்களே சீவாதீர்கள், தயவுசெய்து! அதன் அடியிலேயே புண் ஒளிந்திருக்கலாம். பயிற்சி பெற்றவர்தான் சீவ வேண்டும்.

உள்ளங்காலில் புண் வந்துவிட்டால்? மருந்து, கட்டு எல்லாம் சரிதான். ஆனால் அதே இடத்தில் எடை விழுந்துகொண்டே இருந்தால் எப்படி ஆறும்? அதற்குத்தான் பாதத்தோடு ஒட்டினாற்போல் காலில் போடும் மாவுக்கட்டு. எடையைப் பாதம் முழுக்கவும் காலுக்கும் பரப்பிவிடும். கழற்ற முடியாததுதான் அதன் பலம் என்பேன். கழற்றக்கூடிய ஷூவைக் கொடுத்தால், "பாத்ரூம் வரைதானே" என்று வெறுங்காலோடு போய்விடுகிறோம். ஆனால் ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ இந்தக் கட்டு எல்லோருக்கும் ஒத்துவராது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்? ஒரு குறையும் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை. உணர்வு மட்டும் குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள். முன்பு புண் வந்திருந்தால் 1 முதல் 3 மாதத்துக்குள். ஆறிய புண் ஓராண்டுக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது. அதனால் "ஆறிடுச்சு" என்று நின்றுவிடாதீர்கள்.

சாக்ஸைக் கழற்றச் சொல்லாத சர்க்கரைப் பரிசோதனை அரைகுறைதான். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் குனிந்து பார்க்க முடியாதவரா? இன்றிரவு அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்கள் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.